கர்ப்ப காலச் சாப்பாடு: வீட்டுப் பட்டியலும் நெட்டுப் பட்டியலும் ஒத்துப்போகலை, எதை வச்சு முடிவெடுக்கறது?

மல்லிகைப்பந்தல்:

எல்லாருக்கும் வணக்கம். 16வது வாரம், முதல் குழந்தை. சென்னையில இருக்கோம்.

கையில ரெண்டு பட்டியல் இருக்கு. அம்மாவும் மாமியாரும் சொல்றது ஒண்ணு: பப்பாளி, அன்னாசி, எள்ளு, நண்டு கூடாது, ஈரல், சுவரொட்டி, சுறா புட்டு, பழைய சோறு நல்லது. இன்னொண்ணு அமெரிக்கா, இங்கிலாந்து தளங்கள்ல இருக்கறது: பச்சைப் பால் சீஸ், சுஷி, சூடுபண்ணாம சாப்பிடற பாக்கெட் இறைச்சி, கிங் மேக்கரல் கூடாது. அதுல பாதியை எங்க வீட்டுப் பக்கம் பார்த்ததே இல்லை. ஆனா பானிபூரி, வண்டியில வெட்டி வச்ச தர்பூசணி, ஹோட்டல் தேங்காய்ச் சட்னி, ஆஃப் பாயில், மூணு நாள் ஃப்ரிட்ஜ்ல இருந்த குழம்பு, இதைப் பத்தி அங்க ஒரு வரி கிடையாது.

என் சந்தேகம் இதுதான். எல்லாத்தையும் தள்ளினா சாப்பிட ஒண்ணும் மிஞ்சாது, எதையும் தள்ளாம இருக்கவும் பயமா இருக்கு. எது பெரிய ஆபத்து, எது சின்ன ஆபத்துன்னு நிதானிக்க ஒரு வழி சொல்லுங்க. அப்புறம், கிங் மேக்கரல்னா நம்ம வஞ்சிரமா?

ஆய்வகத்தான்:

உணவின் பெயரை வைத்துப் பட்டியல் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் வரக்கூடிய கெடுதல் ஒரே தடவையில் வருமா, சிறுகச் சிறுகச் சேர்ந்து வருமா என்று முதலில் பிரியுங்கள்.

கிருமி என்றால் ஒரே தடவை போதும். பாதரசம், ஈயம், வைட்டமின் ஏ, காபி இவையெல்லாம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தவை. ஒருநாள் சாப்பிட்டதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பயம் தவறான இடத்தில் போய் உட்காருகிறது. ஒரு துண்டு மீனுக்காக நாள் முழுக்கக் கவலைப்படுகிறவர், அன்று மாலையே பானிபூரித் தண்ணீரை யோசிக்காமல் குடித்துவிடுவார்.

கிருமிகளிலும் எல்லாம் ஒரே எடை அல்ல. லிஸ்டீரியாவும் டாக்ஸோபிளாஸ்மாவும் தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்புவலியோடு போய்விடலாம், ஆனால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தொடும். கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறப்பது வரை கொண்டுபோகும். லிஸ்டீரியா கர்ப்பிணிகளைத் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு. சால்மொனெல்லா போன்றவை பெரும்பாலும் தாயின் குடலோடு நிற்கும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றுவதுதான் அங்கே முக்கியச் சிக்கல்.

வெளிநாட்டுப் பட்டியலில் உங்கள் கண்ணில் படாத ஒன்று, நம் ஊரில் முதல் வரியில் இருக்க வேண்டியது: ஹெபடைட்டிஸ் இ. கழிவுநீர் கலந்த குடிநீர் வழியாக வரும் மஞ்சள் காமாலை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும் இந்த நோய், கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவீதம் பேரின் உயிரைப் பறிக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் இருப்பதிலேயே அதிகம் கண்டிப்பாக இருக்கச் சொல்வது தண்ணீர் விஷயத்தில்தான். மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்து, கைவிட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றுங்கள். கேன் தண்ணீர் நல்லதாகவே இருந்தாலும், கேனைக் கவிழ்க்கும் அந்தக் குழாய்த் தொட்டியை மாதக்கணக்கில் யாரும் கழுவுவதில்லை. ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டியைக் காலத்தோடு மாற்றாவிட்டாலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் அதையும் காய்ச்சுங்கள்.

இனி ஒவ்வொரு உணவுக்கும் ஒரே கேள்வி: கடைசியாகக் கை பட்ட பிறகு, அல்லது கடைசியாகத் தண்ணீர் கலந்த பிறகு, அது நன்றாகச் சூடு கண்டதா? இட்லி மாவு இரவு முழுக்க வெளியில் புளிக்கிறது, பலர் கை படுகிறது. ஆனால் அதற்குப் பிறகு ஆவியில் வேகிறது. கவலை இல்லை. அதே தட்டில் வரும் தேங்காய்ச் சட்னிக்கு அரைத்தபின் சூடே கிடையாது. கடைகளில் கெட்டியாக அரைத்து, நேரம் போகப் போக குழாய்த் தண்ணீர் ஊற்றி நீட்டுவார்கள், பழையதன் மேலேயே புதியதைக் கொட்டுவார்கள். வெளியில் சாப்பிட்டால் கொதிக்கும் சாம்பார் போதும், அல்லது பொடியும் எண்ணெயும். பொடியில் ஈரம் இல்லாததால் கிருமி பெருக வழி இல்லை. வீட்டில் காய்ச்சி ஆறிய நீரில் அரைத்து, அந்த வேளையிலேயே முடித்தால் தேங்காய்ச் சட்னியை விட வேண்டியதில்லை.

பானிபூரி, கரும்புச்சாறு, ஐஸ் போட்ட ஜூஸ் மூன்றும் இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். பிரசவம் வரை விட்டுவிடுங்கள். தர்பூசணி கெட்ட பழம் அல்ல. வெட்டி வெயிலில் வைத்ததுதான் கெடுதல். புளிப்பு இல்லாத, இனிப்பான, ஈரமான சதை என்பதால் கத்தியிலிருந்து வந்த கிருமி சில மணி நேரத்தில் பல்கிப் பெருகும். முழுப் பழமாக வாங்கி, வெட்டும் முன் தோலை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் இருப்பதைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது. 2011இல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாகப் பரவிய லிஸ்டீரியாவில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வாழை, ஆரஞ்சு, மாதுளை போல நீங்களே தோலை உரித்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

முட்டையில் மஞ்சள் கரு கெட்டியாக வேண்டும். ஆஃப் பாயில், கலக்கி இரண்டும் வேண்டாம். மயோனைஸ் பச்சை முட்டையில் அடிப்பது. தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது. ஷவர்மாவில் வெளிச்சதை வெந்திருக்கும்போது உள்ளே பச்சையாக இருக்கும். கூட்ட நேரத்தில் வேகும் முன்பே சீவிவிடுவார்கள். வீட்டுக் குக்கரில் வெந்த கோழி, ஆட்டுக்கறிக்கு எந்தத் தடையும் இல்லை.

முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். கிருமி விதைக்குள்ளேயே இருந்தால் கழுவிப் பயனில்லை, முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அதே சுகம். ஆவியில் வேகவைத்துச் சுண்டலாகச் சாப்பிடுங்கள்.

பாக்கெட் பால் ஏற்கனவே சூடுபடுத்தப்பட்டதுதான், நாம் மறுபடியும் காய்ச்சுகிறோம். அந்தப் பாலில் உறைந்த தயிர், மோர் பாதுகாப்பானவை. பனீரில் புளிப்பு குறைவு, ஈரம் அதிகம். துருவி அப்படியே தூவாமல் கொதிக்கும் குழம்பில் போட்டு எடுங்கள்.

ஃப்ரிட்ஜ் பற்றி: லிஸ்டீரியாவுக்கு ஃப்ரிட்ஜ் தடையே இல்லை, 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். குழம்பை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள், சித்திரை வெயிலில் 1 மணி நேரத்துக்குள், உள்ளே வையுங்கள். 2 நாளில் முடியுங்கள். எடுத்தால் குமிழி வரக் கொதிக்கவிடுங்கள், வேண்டிய அளவு மட்டும். மொத்தப் பாத்திரத்தையும் சுடவைத்து, மீதியைத் திரும்ப உள்ளே வைப்பதில்தான் தவறு நடக்கிறது. மின்வெட்டில் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

நெய்தல் நிலம்:

மீன் கேள்விக்கு நான் வர்றேன். அமெரிக்காக்காரங்க சொல்ற கிங் மேக்கரலும் நம்ம வஞ்சிரமும் (எங்க பக்கம் நெய்மீன்) ஒரே மீன் இல்ல. ஒரே குடும்பம், வேற இனம். நம்ம கடைகள்ல வஞ்சிரத்தை கிங் ஃபிஷ்னு எழுதி வைக்கிறதால பேரு ஒட்டிக்கிச்சு. ஆனா வஞ்சிரமும் சின்ன மீனைத் தின்னு பல வருஷம் வளர்ற பெரிய மீன்தான். பாதரசம் அப்படித்தான் ஏறும்: பாசியிலேர்ந்து சின்ன மீனுக்கு, அதுலேர்ந்து பெரிய மீனுக்கு. மீன் எவ்வளவு பெருசோ, எவ்வளவு வயசோ, அவ்வளவு சேரும். அதனால வஞ்சிரம் சாப்பிட்டா வாரத்துல ஒரு தடவைக்கு மேல வேண்டாம், அதுவும் சின்ன மீனா வெட்டின துண்டு. பத்து கிலோ மீனோட நடுத்துண்டு பார்க்க அழகாத்தான் இருக்கும், அதை விடுங்க.

முழுசாத் தள்ள வேண்டியது சுறா, மயில் கோலா, பெரிய சூரை. உங்க வீட்ல சொல்ற சுறா புட்டு, பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் சுரக்கணும்னு கொடுக்கறது. நல்ல மனசோட கொடுக்கறதுதான். ஆனா பாதரசக் கணக்கு பாலூட்டும் காலத்துக்கும் உண்டு. அதே வேலைக்கு நம்ம கடற்கரை ஊர்கள்லயே காரல் மீன் குழம்பு வைப்பாங்க. உள்ளங்கை அகலம்கூட இல்லாத சின்ன மீன். பெரியவங்ககிட்ட "சுறா வேண்டாம்"னு மட்டும் சொன்னா மனசு வருத்தப்படுவாங்க, "காரல் வாங்கிக் கொடுங்க அத்தே"ன்னு கேட்டா சந்தோஷமா வாங்கி வருவாங்க.

சமைச்சாலோ மஞ்சள் தடவினாலோ தோலை உரிச்சாலோ பாதரசம் போகாது. அது சதைக்குள்ளேயே இருக்கு. உடம்புல சேர்ந்தது பாதியாகறதுக்கே ரெண்டு மாசம்போல ஆகும். அதனாலதான் குழந்தைக்குத் திட்டமிடறப்பவே பெரிய மீனைக் குறைக்கச் சொல்றது.

இதைக் கேட்டுட்டு மீனையே நிறுத்திடாதீங்க, அதுதான் எனக்குப் பெரிய கவலை. குழந்தையோட மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு மீன்ல இருக்கு. வாரத்துக்கு 225லேர்ந்து 340 கிராம் வரைக்கும், ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சுச் சாப்பிடுங்கன்னுதான் பாதரசத்தைப் பத்தி எச்சரிக்கிற அதே அமெரிக்க உணவு, மருந்துத் துறையும் சொல்லுது. மத்தி (தெற்கே சாளை), நெத்திலி, கானாங்கெளுத்தி (அயிலை), இறால் எல்லாம் தாராளமா எடுக்கலாம். சங்கரா, வவ்வாலும் தப்பில்ல. விலையும் மத்தி, நெத்திலிக்குத்தான் குறைவு. நண்டும் நல்லா வெந்தா தப்பில்ல, ஒவ்வாமை இருந்தா மட்டும் பாருங்க.

வாங்கறப்ப ஒரு கவனம். மத்தி, அயிலை, சூரை இந்த வகை மீனெல்லாம் ஐஸ் இல்லாம கிடந்தா ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும். கொதிக்க வச்சாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி வரும். செவுள் சிவப்பா, கண்ணு தெளிஞ்சு, அழுத்தின இடம் உடனே எழும்பணும். சாயங்காலம் ஐஸ் இல்லாத கூடையில மலிவாக் கொடுத்தாலும் வாங்காதீங்க. கருவாட்டுக்கு உப்புதான் பிரச்சினை. பிரஷர் இருக்கறவங்க ஒதுக்குங்க, மத்தவங்க வெந்நீர்ல அலசி, நல்லா வேகவச்சு எப்பவாவது.

கிராமச் செவிலி:

ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்காங்க. வீட்டுப் பட்டியல்ல விட்டுப்போனதை நான் சொல்றேன்மா.

பப்பாளியில பெரியவங்க சொல்றது பாதி சரி. காயிலயும் அரைப்பழத்துலயும் பால் இருக்கு. 2002ல வந்த ஒரு ஆய்வுல, எலியோட கருப்பைத் தசை அந்தப் பாலுக்குச் சுருங்குச்சு. நல்லாப் பழுத்த பப்பாளிச் சாறுக்குச் சுருங்கல. அதனால பப்பாளிக் கூட்டு, பச்சைக் காய்த் துருவல் வேண்டாம். பழுத்ததைச் சாப்பிடலாம், ஆனா வீட்ல சண்டை வரும்னா கொய்யா சாப்பிடுங்க, நஷ்டம் ஒண்ணும் இல்லை. அன்னாசியில கருவைக் கலைக்கும்னு சொல்ற நொதி தண்டுலயும் நடுத்தண்டுலயும்தான் அதிகம், ரெண்டு துண்டு பழத்துல ஒண்ணும் ஆகாது. எள்ளுருண்டை ஒண்ணு ரெண்டு சாப்பிட்டா கரு கலையாது.

ஈரல் விஷயம் நேர் எதிர். நல்லதுன்னு வாரம் ரெண்டு மூணு தடவை ஊட்டுவாங்க. 100 கிராம் சமைச்ச செம்மறி ஈரல்ல வைட்டமின் ஏ 7000 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு உச்சவரம்பு 3000. முதல் மூணு மாசத்துல இது அளவு மீறிப் போனா குழந்தையோட உறுப்பு உருவாகறதுல பிழை வரலாம். இங்கிலாந்துல ஈரலே வேண்டாம்னு சொல்லிடறாங்க. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் இதே கணக்குதான். ஒரு தடவை சாப்பிட்டுட்டா பயப்படாதீங்க, வழக்கமா வச்சுக்காதீங்க. கேரட், முருங்கைக்கீரையில இருக்கறது வேற வடிவம், உடம்பு தேவைக்குத்தான் மாத்திக்கும், அதுக்குத் தடை இல்லை. சுவரொட்டி மண்ணீரல், இரும்பு நிறைய, ஈரல் அளவு வைட்டமின் ஏ கிடையாது. உள்ளே சிவப்பு இல்லாம வேகணும், அவ்வளவுதான். சட்டியில ரெண்டு பிரட்டு பிரட்டி "ரத்தம் இருந்தாத்தான் சத்து"ன்னு கொடுப்பாங்க, அதைக் கேக்காதீங்க.

இரும்பு மாத்திரையை விட்டுட்டு சுவரொட்டியை நம்பாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுக்கிற மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. காபி, டீயோடயும் கால்சியம் மாத்திரையோடயும் சேர்த்துப் போட்டா உள்ளே ஏறாது, ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. காபி மொத்தமே ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள்ள நிக்கணும். கெட்டி டிகாஷன்னா சின்ன டம்ளர்ல ரெண்டோட நிறுத்திக்குங்க. டீயும் அதே கணக்குல சேரும்.

இன்னொண்ணு, யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க: பலப்பக் குச்சி, திருநீறு, செங்கல், மண்ணு தின்னத் தோணறது. வெட்கப்பட வேண்டாம், ரத்தசோகை இருக்கறவங்களுக்கு வர்றதுதான். மண்ணுல புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம், இரும்பையும் ஏறவிடாது. நர்ஸ்கிட்ட சொல்லி ஹீமோகுளோபின் பாருங்க.

கீரையை வேரை வெட்டி எறிஞ்சுட்டு, மண் அடியில தங்காத வரைக்கும் மூணு நாலு தண்ணியில அலசுங்க. தெருப்பூனை கழிக்கிற மண்ணுலேர்ந்தும் டாக்ஸோபிளாஸ்மா வரும். தோட்டத்துல கை வச்சா உறை போட்டுக்குங்க.

ஏற்கனவே ஏதோ சாப்பிட்டாச்சுன்னு பயப்படறவங்களுக்கு: அறிகுறி இல்லைன்னா பரிசோதனையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆனா 38 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா, ரெண்டு மாசம் முன்னாடி சாப்பிட்டதா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. லிஸ்டீரியா 70 நாள் வரை கழிச்சுகூட வெளிப்படும். ஆம்பிசிலின் மாதிரி கர்ப்பத்துல கொடுக்கக்கூடிய மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். பாராசிட்டமால் போட்டு மூடி மறைச்சு வீட்ல உட்காராதீங்க. சிறுநீர் கட்டி டீ நிறத்துல போனா, கண்ணு மஞ்சளானா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாம்னு ஒரு நாள்கூட தள்ளாதீங்க. வெறும் வயித்துப்போக்குன்னா ஓஆர்எஸ் ஒரு பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ உடனே கிளம்பணும்.

மல்லிகைப்பந்தல்:

இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. ஒரே தடவையில வர்றது, சேர்ந்து வர்றதுன்னு பிரிச்சதும் பாதி பாரம் இறங்கிடுச்சு. பாக்கி ரெண்டு சந்தேகம். பழைய சோறு பத்தி யாருமே சொல்லலை. அப்புறம் ஏழாம் மாசம் வளைகாப்பு, மண்டபத்துல. கலந்த சாதம் எல்லாம் விடியக்காலையிலேயே செஞ்சு வச்சுடுவாங்க. நான் சாப்பிடறப்ப மணி ஒண்ணாயிடும்.

ஆய்வகத்தான்:

சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் விதை சோறு வெந்தாலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. பழைய சோற்றில் புளிப்பு ஏறிய பிறகு அது வளர முடியாது. ஆனால் புளிப்பு ஏறும் வரைக்குமான முதல் சில மணி நேரம் திறந்த வாசல்தான். ஆசையாக இருந்தால், சோறு ஆறியவுடன் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, மண்சட்டியில் மூடி, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் வரை வெளியில் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றுவது கூடாது.

கிராமச் செவிலி:

இதுல உங்களோட முழுசா ஒத்துப்போகலை தம்பி. நீங்க சொல்ற மாதிரி செஞ்சா சரிதான். ஆனா நிறைய வீட்ல மிச்சம் விழுந்த சோத்துல குழாய்த் தண்ணியை ஊத்தி வைப்பாங்க, கொத்தமல்லியும் வெங்காயமும் கழுவாம போடுவாங்க. நீங்களே முதல்ல சொன்ன ஹெபடைட்டிஸ் இ அந்தத் தண்ணியிலதான் வரும். தன் கையால செய்ய முடியறவங்க மட்டும் சாப்பிடட்டும், மத்தவங்க சுடுசோத்துல மோர் ஊத்திச் சாப்பிட்டா போதும்.

ஆய்வகத்தான்:

சரிதான் அக்கா, நிபந்தனை அதுதான்: தண்ணீரும் கையும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

வளைகாப்பு சாதங்களுக்கு வருவோம். எல்லாமே ஒரே ஆபத்து அல்ல. புளியோதரை நிறையப் புளிப்பும் எண்ணெயும் உள்ளது, நீர்ச்சத்து குறைவு. இருப்பதில் அதுவே தாங்கும். எலுமிச்சைச் சாதம் அடுத்தது. தேங்காய்ச் சாதம் கடைசி: புளிப்பு கிடையாது, ஈரத் தேங்காய், அண்டாவின் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு. தயிர்சாதத்தை நம்புவார்கள், ஆனால் மண்டபத்தில் புளித்துவிடக் கூடாதென்று தயிரைக் குறைத்துப் பாலை ஊற்றிப் பிசைவார்கள். காக்க வேண்டிய புளிப்பையே அப்படி எடுத்துவிடுகிறார்கள். கையால் பிசைவதால் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸும் சேரும். அதன் நஞ்சும் சூட்டில் அழியாது.

பேசில்லஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் இரண்டும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஒருநாளில் அடங்கிவிடும், பொதுவாகக் குழந்தை வரை போகாது. அதனால் விழாவையே நிறுத்துகிற அளவு ஆபத்து இல்லை, குறைத்துக்கொண்டால் போதும். சமையல்காரரிடம் உங்கள் பங்கை மட்டும் இறக்கியவுடன் கரண்டியால் எடுத்து, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஹாட்பாக்ஸில் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு என்றால் அது கிருமிக்கும் சுகமான சூடு. தயிர்சாதத்தை இலை போட்ட பிறகு பிசையச் சொல்லலாம், ஐந்து நிமிட வேலை.

பந்தியில் வைக்கும் தண்ணீருக்குப் பதில் வீட்டிலிருந்து உங்கள் பாட்டிலைக் கொண்டுபோங்கள். அப்புறம், சந்தனம் பூசி வளையல் போடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு வாய் கையாலேயே ஊட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, ஊட்டுவதற்கு ஒரு சின்னக் கரண்டியையும் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.